செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்துச் சிலந்தி

குற்றாலத்துக்குச் சாரல் தரும் மலைக்கு அந்தப் பக்கம், மண் வளைக்குள் வாழும் மயிரடர்ந்த சிலந்தி ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் வைத்த பெயர் அன்னண்டாலியெல்லா. அந்தப் பெயருக்குள் நம் பக்கத்துச் சரித்திரமும் கொஞ்சம் இருக்கிறது.

நெல்சன் அன்னண்டேல் ஸ்காட்லாந்துக்காரர். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1908 நவம்பரில் திருவிதாங்கூருக்கு வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கு அடிவாரத்தில் சிற்றுயிர்களைச் சேகரித்தார். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் பாதை திறந்து அப்போது நான்கே வருஷம். சேகரித்தவற்றில் இருந்த சிலந்தியை பிரிட்டிஷ் மியூசியத்தின் ஹர்ஸ்ட் ஆராய்ந்து, 1909-ல் புதிய பேரினம் என்று அறிவித்தார். பேரினத்துக்கு அன்னண்டேலின் பெயர். இனத்துக்குத் திருவிதாங்கூரின் பெயர். அன்னண்டேல் பின்னர் 1916-ல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

இரண்டாவது இனத்தை 1935-ல் விவரித்தவர் கிரேவ்லி. சென்னை எழும்பூர் மியூசியத்தை நடத்தியவர். மூன்றாவது 2008-ல்தான் வந்தது; எர்ணாகுளத்தின் பெயர் அதற்கு. நூறு வருஷத்தில் மூன்றே இனங்கள்!

இது வலை கட்டி இரை பிடிப்பதில்லை. பகலில் வளையில் பதுங்கி, இரவில் பக்கம் வரும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். இரண்டு விஷத்தாடைகளின் உட்புறத்தில், ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்பத்தக்க தடித்த மயிர்கள் உண்டு. இதே அமைப்புள்ள நெருங்கிய உறவினங்கள் இருப்பது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒரே நிலமாக இருந்த காலத்து உறவின் மிச்சம் இது என்று எண்ண இடமுண்டு.

இந்தக் குடும்பத்துப் பெண் சிலந்திகள் பல வருஷம் உயிரோடு இருக்கும். வளையை விட்டு அதிக தூரம் போகாது. ஆகவே ஒரு சரிவை எந்திரம் வைத்துக் கிளறினால், அங்குள்ளவை வேறு இடம் தேடிப் போய்ப் பிழைப்பது கடினம்.

திருவிதாங்கூர் சமஸ்தானம் இன்று இல்லை. செங்கோட்டையே 1956-ல் அங்கிருந்து பிரிந்து நம் ஜில்லாவுக்கு வந்தது. இப்போது தென்காசியில் இருக்கிறது. எல்லைகள் இத்தனை முறை மாறியும் சிலந்தி பழைய பெயரோடு அங்கேயே கிடக்கிறது. மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நூல் படிந்த வளை கண்ணில் பட்டால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அது நம்மைத் தேடி வந்து கடிப்பதில்லை.