கமராவை உடைத்தால் குற்றம், பதிவை அழித்தால்?

நம்மட கல்முனை பஸாரில் ஒரு கடையில் களவு போனால் முதலில் தேடுவது கமராப் பதிவைத்தான். சிறைக்குள் அந்தச் சாட்சி இல்லாவிட்டால்?

1983 ஜூலை 25, 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை. 2012 நவம்பரில் அதே சிறையில் 27 பேர் இறந்தார்கள். முன்னாள் சிறை உயரதிகாரி ஒருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதிக்க 2022 ஆகிவிட்டது.

2018இல் அங்குணகொலபெலஸ்ஸ சிறையில் காவலர்கள் கைதிகளை அடித்ததைக் கமரா பதிந்தது. 2019 ஜனவரியில் காட்சி வெளியே வந்தது. ‘நடக்கவே இல்லை’ என்று இனிச் சொல்ல ஏலாது.

இந்தச் சாட்சிக்கு என்ன பாதுகாப்பு? நமது சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877இல் பிறந்தது. கைதி கமராவை உடைத்தால் 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டம் பாயும். அதிகாரி பதிவை அழித்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 198ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் குற்றவாளியைக் காப்பாற்றவே அழித்தார் என்று நிரூபிக்க வேண்டும். ‘தானாக அழிஞ்சிட்டு’ என்றால் கதை முடிந்தது.

தமிழ்நாட்டில் 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையக் கமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படிதான் வைக்கப்பட்டிருந்தன. அதே டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொன்னது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்மட கரையோர ஊர்களிலும் பிள்ளைகள் கைதானார்கள். உள்ளே என்ன நடக்குதென்று தெரியாமல் உம்மாமார் வாசலில் காத்திருந்தார்கள். அதனால்தான் கேட்கிறோம்: பதிவை வைத்திருப்பது சட்டக் கடமையாகட்டும், உடைத்தவருக்குள்ள தண்டனை அழித்தவருக்கும் இருக்கட்டும்.