இறுகிய நாடியும் ஏமாந்த சிறுநீரகமும்

“பிரஷர் இருக்கு, உப்பைக் குறை” எண்டதோட எங்கட வீடுகளில் கதை முடிந்துவிடும். ஏன் பிரஷர் வந்தது எண்டு நாங்கள் கேட்பது குறைவு. அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

1836இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையில் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் இதயம் பெருத்திருப்பதைக் கவனித்தார். கையில் பட்டி கட்டிக் குருதியமுக்கம் பார்க்கும் கருவி அப்போது இல்லை. 1898இல் சுவீடனில் ரொபேர்ட் டீகர்ஸ்டெட்டும் அவரது மாணவர் பேர்க்மனும், முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்கு ஏற்றினார்கள். அமுக்கம் உயர்ந்தது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்கு ‘ரெனின்’ எண்டு பெயர் வைத்தார்கள். பிறகு அதைப் பல வருடங்கள் பெரிதாக யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஒடுங்கிய குழாய்களுக்குள்ளால் குருதியைத் தள்ள அமுக்கம் கூடத்தான் வேணும், அது உடலுக்கு அவசியம் எண்டுகூட அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் நம்பினார்கள்.

1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரக நாடிகளில் வெள்ளிக் கவ்வி மாட்டி இறுக்கினார். அமுக்கம் ஏறியது, ஏறியபடியே நின்றது. நாடி ஒடுங்கினால் சிறுநீரகத்துக்கு வரும் குருதி குறையும். முழு உடலிலும் அமுக்கம் விழுந்துவிட்டது எண்டு அது ஏமாந்து, ரெனினைச் சுரக்கும். அதன் வழியே உருவாகும் அஞ்சியோடென்சின் குழாய்களைச் சுருக்கும், உப்பைத் தேக்கும்.

காரணம் பிடிபட்டதும் அவசரமும் வந்தது. பிரஷர் உள்ளவர்களின் ஒரு பக்கச் சிறுநீரகத்தை வெட்டி எடுத்தார்கள். 1956இல் ஹோமர் ஸ்மித் அந்தச் சத்திரசிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான் பலன் கிடைத்திருந்தது. பிறகு பிரேசில் விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்த வழியில், அஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் கப்டொப்ரில் மாத்திரை 1981இல் அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது. இரண்டு பக்க நாடியும் ஒடுங்கியவர்களுக்கு இதே மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். காரணம் தெரியாமல் குடுக்கிற மருந்தும் ஆபத்துத்தான்.

பெரும்பாலானவர்களின் பிரஷருக்கு நாடி ஒடுக்கம் காரணமில்லை. ஆனால் இருபது வயதில் கடுமையான பிரஷர் எண்டால், “யோசிக்கிறது கூடிப்போச்சு” எண்டு தட்டிவிட ஏலாது. இளம் பெண்களில் நாடிச்சுவர் தடித்து ஒடுங்கும் ஒரு நோயும், ஆசியாவில் கூடுதலாகக் காணப்படும் தகயாசு நாடி அழற்சியும் இதற்குக் காரணமாகலாம். மாத்திரையை நிப்பாட்டாமல், வைத்தியரிடம் நாங்கள் “ஏன்?” எண்டும் கேட்கவேணும்.