வேலிகாத்தான்: ஒரு மரத்தின் வரலாறு

ஒரு மரத்தின் வரலாற்றை அதன் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் கண்மாய்களிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கும் முள்மரத்தைச் சீமைக் கருவேலம் என்பர். வேலிகாத்தான் என்றும் வழங்குவர். 'சீமை' என்னும் அடை, அது கடல் கடந்து வந்ததைக் கூறும். 'காத்தான்' என்னும் பெயரோ, ஒரு காலத்தில் அது காவலாக ஏற்கப்பட்டதைக் கூறும். இன்று பழிக்கப்படும் மரம், நன்றியோடு பெயரிடப்பட்ட மரம் என்பது நினையத்தக்கது.

இம்மரம் காமராசர் ஆட்சிக் காலத்தில் வந்தது என்பது பரவலான நம்பிக்கை. ஆவணங்கள் அதனை முக்கால் நூற்றாண்டு முன்னதாகக் காட்டுகின்றன. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் உரிய இதன் விதைகளை வேண்டி, 1876இல் சென்னை மாகாண வனக்காவலர் பெட்டோம் அரசுக்கு எழுதினார். 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அது நடப்பட்டது. தாது வருடப் பஞ்சம் மாகாணத்தை வாட்டிய ஆண்டுகள் அவை. புகைவண்டியும் விறகெரித்து ஓடிய காலம். வறண்ட நிலத்திலும் விரைந்து வளர்ந்து விறகு தரும் மரம் அன்று வேண்டப்பட்டது. 1940இல் சோத்பூர் சமஸ்தானம் இதற்கு அரசச் சிறப்பளித்துப் பாதுகாத்தது.

பின்னர் நிகழ்ந்தது வேலியே பயிரை மேய்ந்த கதை. இனிய நெற்றுகளை ஆடுமாடுகள் தின்றன. கடின உறை கொண்ட விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் ஊர்தோறும் சென்றன. உடையும் நாட்டுக் கருவேலும் நின்ற இடங்களை அது கைப்பற்றியது. வெட்டினாலும் அது மடிவதில்லை. தண்டும் வேரும் கூடும் கழுத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, மொட்டுகள் உறங்குகின்றன. தரையோடு வெட்டினால் ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் எழும். முள்மரத்தை இளமையிலேயே களைதலைப் பகை வெல்லுதற்கு உவமையாக்கினார் வள்ளுவர். இம்மரத்திற்கோ இளமையில் வெட்டுதலும் போதாது. கழுத்தோடு அகழ்தல் வேண்டும்.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையால் மாவட்டங்கள்தோறும் இம்மரம் அகற்றப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே உயர் நீதிமன்றம் அப்பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கை வகுத்தது. அகற்றுதலோடு மீட்டலும் சேர்த்து எண்ணப்பட்டது இங்குக் குறிப்பிடத்தக்கது. வெற்றிடமாக விடப்பட்ட நிலத்தில், முன்னரே மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைத்துவிடும்.

எனினும் இன்னொரு வேரும் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் இம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பல குடும்பங்கள் உலை வைத்தன. நெல் விளையாத நிலத்தில், வெட்ட வெட்டத் துளிர்ப்பதே அவர்களுக்கு விளைச்சல். அவர்களுக்கு வேறு பிழைப்பு அமையாதவரை அத்துளிரை அவர்கள் காத்தே தீர்வர்.

தேவை கருதி நட்ட மரத்தை, அத்தேவையை மறந்து அகற்ற முற்படுதல் தரையோடு வெட்டுவதற்கு ஒப்பாகும். நாட்டு மரம் நடும் கை, கரிமூட்டம் போடுவோரின் கையாகவும் அமையுமாயின், வேலிகாத்தான் என்னும் பெயர் மட்டும் பழைய நன்றியின் சான்றாக அகராதியில் நிலைபெறும்.