பாவித்த கிற்றார்களும் பழைய அழுக்கும்

பாவித்த பொருளொன்றை விற்க முனையும் எவரும் முதலில் செய்வது அதனைத் துடைத்துத் துப்புரவு செய்வதுதான். பழைய சைக்கிளாயினும் மோட்டார் காராயினும் பாட்டி காலத்துப் பித்தளைக் குத்துவிளக்காயினும், பளபளப்பு விலையைக் கூட்டும் என்பது சந்தையின் பொதுவிதி. இந்த விதி பாவித்த கிற்றார்களின் விடயத்தில் மட்டும் அரை நூற்றாண்டுக்குள் ஏறக்குறையத் தலைகீழாகிப் போனது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பது இசைப் பிரியர்கள் மாத்திரமன்றி, வாங்குவோர் விற்போர் அனைவருமே அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு எனலாம்.

செய்தி முகவரகங்களின் தகவல்களை நாள்தோறும் வாசித்துப் பழகிய எனக்கு, 2019 ஒக்டோபரில் வந்த ஒரு செய்தி நன்கு நினைவிருக்கிறது. நிர்வாணா இசைக்குழுவின் பாடகர் கேர்ட் கோபேன் 1993இல் எம்ரிவி தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அணிந்திருந்த கம்பளிச் சட்டை அமெரிக்காவில் 3 இலட்சத்து 34 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. சிகரெட் சுட்ட துளையும் கறைகளும் அதில் அப்படியே இருந்தன. அது ஒருபோதும் கழுவப்படவில்லை என்பது பெருமையோடு அறிவிக்கப்பட்டது. அதே நிகழ்ச்சியில் அவர் வாசித்த, 1959இல் தயாரிக்கப்பட்ட மார்ட்டின் கிற்றார் 2020 ஜூனில் 60 இலட்சத்து 10 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. சட்டைக்குப் பொருந்திய நியாயமே கிற்றாருக்கும் பொருந்தியது. உரியவரின் கை பட்ட தடயம் அழியாதிருப்பதே அங்கு விலைக்குரிய பொருளாயிற்று.

ஆயினும் புகழ்பெற்றவர்களின் கிற்றார்களோடு மட்டும் நின்றுவிடும் கதையல்ல இது. 1960களின் நடுப்பகுதி வரை பழைய கிற்றார் என்பது வெறும் பழைய கிற்றார்தான். வர்ணம் உரிந்தால் புதிதாகப் பூசுவார்கள். பாகம் பழுதானால் மாற்றுவார்கள். 1968இல் ஜோன் லெனனும் ஜோர்ஜ் ஹரிசனும் தமது எபிஃபோன் கசினோ கிற்றார்களின் வர்ணத்தை முற்றாகச் சுரண்டி நீக்கினார்கள். மரத்தின் இயல்பான நிறம் தெரிய வேண்டும் என்ற மோகம் அடுத்த பத்தாண்டில் பரவிய வேளை, பெயரறியா எத்தனையோ பேர் தமது கருவிகளுக்கும் அதனையே செய்தனர்.

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. 1965 ஜனவரியில் ஃபென்டர் நிறுவனத்தை சிபிஎஸ் என்னும் பெருநிறுவனம் 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அதன் பின்னர் வெளிவந்தவற்றின் தரம் குறைந்துவிட்டதாக வாசிப்போர் கருதத் தொடங்கவே, அதற்கு முற்பட்ட கிற்றார்களுக்குத் தேடுதல் உண்டாயிற்று. 1970இல் எரிக் கிளப்டன் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பழைய ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறினைச் சில நூறு டொலர் வீதம் வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்து, எஞ்சிய மூன்றின் பாகங்களைச் சேர்த்துத் தமக்கென ஒன்றை அமைத்துக் கொண்டார். 'பிளாக்கி' எனப் பெயர்பெற்ற அது 2004இல் 9 இலட்சத்து 59 ஆயிரத்து 500 டொலருக்கு ஏலத்தில் விற்கப்பட்டது. அதே 1970இல், அதே நாஷ்வில்லில் ஜோர்ஜ் குருன் என்பவர் பழைய கிற்றார்களுக்கான கடையொன்றைக் கூட்டாகத் தொடங்கினார். 1991இல் வோல்ட்டர் கார்ட்டருடன் சேர்ந்து அவர் எழுதிய வழிகாட்டி நூல், எந்த ஆண்டின் கருவிக்கு எந்தப் பாகம், எந்தப் பூச்சு உரியது என்பதை நிர்ணயிக்கும் கைநூலாயிற்று.

எது மூலம், எது மாற்றம் என்பது எழுத்தில் பதிவானதும் சந்தையின் கணக்கு மாறியது. இத்தொழிலில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு ஒன்று உண்டு: பழைய கிற்றார் ஒன்றின் மூல வர்ணத்தை நீக்கி மறுபடி பூசினால், வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், விலை ஏறக்குறைய பாதியாகிவிடும். எழுபதுகளில் மோகத்துக்காகச் சுரண்டியவர்கள், தம் கையாலேயே தம் சொத்தின் பாதியைச் சுரண்டியெறிந்தனர் என்றே சொல்ல வேண்டும்.

கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை தயாரித்த லெஸ் போல் ஸ்டாண்டர்ட் இதற்கு நல்லதோர் உதாரணம். சுமார் 1,500 கருவிகளே தயாரிக்கப்பட்டன. அன்று சுமார் 250 டொலருக்கு விற்ற அவை இன்று பல இலட்சம் டொலர் பெறுவன. அவற்றின் பூச்சிலிருந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் மங்கும் தன்மையுடையது. கடைக் கண்ணாடிக்குள் வெயில் பட்டு நின்ற ஒன்று தேன் நிறமாயிற்று. பெட்டிக்குள் உறங்கிய மற்றொன்று சிவப்பாகவே இருந்தது. தயாரிப்பாளரின் கண்ணில் குறைபாடான அந்த மங்கலே, ஒவ்வொரு கருவியையும் தனித்தன்மை உடையதாக்கி, சேகரிப்போர் போற்றும் அழகாயிற்று.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். அழுக்கு வேறு, காலத்தின் படிவு வேறு. விரற்பலகையில் சேரும் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும், துருப்பிடித்த தந்திகளும், திருகும்போது கரகரக்கும் ஒலிக் குமிழ்களும் அழுக்கு. இவை எவருக்கும் பெருமை சேர்ப்பதில்லை. உலோகத்தின் மங்கலும், நைட்ரோசெலுலோஸ் பூச்சில் வெப்பமும் குளிரும் மாறிமாறித் தாக்குவதால் விழும் மெல்லிய வெடிப்புக் கோடுகளும், முன்னங்கை உரசித் தேய்ந்த மரமும் காலத்தின் படிவு. முன்னதை நீக்கலாம், நீக்கவும் வேண்டும். பின்னதை நீக்கினால் மீட்க முடியாது.

இந்த வேறுபாடு அறியாமையின் விலையை நான் கொழும்பில் நேரிற் கண்டேன். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் வெளிநாட்டு வாத்தியங்கள் அரிதாகி, இருந்தவையே கைமாறி வந்தன. அக்காலப் பொப்பிசைக் குழுவொன்றில் வாசித்த நண்பரிடம் அமெரிக்கக் கிற்றார் ஒன்று இருந்தது. அவர் காலமானபின் குடும்பத்தினர் அதனை விற்க எண்ணினர். கடற்கரைக் காற்றில் உலோகம் கறுத்து, பூச்சும் மங்கியிருந்தது. வாங்க வருபவர் முன் வெட்கப்படலாகாது என்று, தளபாடங்களுக்குப் பேர்போன மொறட்டுவையிலிருந்து ஒருவரை அழைத்து, தேய்த்து மெருகூட்டுவித்தனர். அலுமாரிக் கதவைப் போல் மின்னியது. வந்த வெளிநாட்டவர் நெடுநேரம் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் கூறியிருந்த தொகையிற் பாதியைச் சொன்னார். நண்பரின் மனைவிக்கு அதன் காரணம் விளங்கவேயில்லை. மெருகுக்குக் கொடுத்த கூலியும் அவரது கைப்பணமே.

இந்த நியாயம் கிற்றாருக்கு மட்டும் உரியதன்று. பழைய நாணயத்தைத் தேய்த்துக் கழுவினால் அதன் விலை விழும் என்பதைச் சேகரிப்போர் அறிவர். வயலின் உலகிலோ இதன் மறுபக்கம் தெரிகிறது. 1721இல் ஸ்ட்ராடிவாரி செய்த 'லேடி பிளண்ட்' வயலின், மூலப் பூச்சு பெரிதும் அழியாது பேணப்பட்டிருந்தமையால், 2011இல் 1 கோடி 59 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அத்தொகை ஜப்பானிய ஆழிப்பேரலை நிவாரணத்துக்குச் சென்றது. ஆக, சந்தை விரும்புவது அழுக்கையல்ல. பிறர் கைவைக்காத உண்மையையே அது விரும்புகிறது.

அயர்லாந்தின் ரொறி கல்லஹர் வைத்திருந்த 1961ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரை நோக்குக. 1963இல் கோர்க் நகரில் சுமார் 100 பவுணுக்கு வாங்கப்பட்ட அது, 1960களில் டப்ளினில் களவுபோய், மழையில் நனைந்த நிலையில் மீட்கப்பட்டது. மேடைகளில் வழிந்த வியர்வையும் சேர்ந்து, வர்ணத்தின் பெரும்பகுதி உதிர்ந்து வெறும் மரம் தெரிந்தது. அவர் அதனைப் புதுப்பிக்கவில்லை. 1995இல் அவர் மறைந்தார். 2024 ஒக்டோபரில் அக்கிற்றார் 8 இலட்சத்து 89 ஆயிரத்து 400 பவுணுக்கு விற்கப்பட்டு, அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது.

விலையுள்ள எதற்கும் போலி பிறப்பது இயல்பு. 1995இல் ஃபென்டர் நிறுவனமே புதிய கிற்றார்களைத் தேய்த்து, கீறி, மங்கச் செய்து 'ரெலிக்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அது ஒளிவுமறைவற்ற வியாபாரம். ஆனால் அதே வித்தையைக் கற்ற வேறு சிலர் புதியதைப் பழையதென விற்கவும் துணிந்தனர். அனுபவசாலிகள் புறஊதா விளக்கின் கீழ் பூச்சு ஒளிரும் விதத்தைப் பார்க்கின்றனர்; முகப்புத் தகட்டைக் கழற்றி அதன்கீழ் மறைந்திருந்த மூல நிறத்தை ஒப்பிடுகின்றனர்; உள்ளே ஈயம் பற்றவைத்த இடங்கள் குலையாதிருக்கின்றனவா, குமிழ்களின் அடியிலுள்ள எண்கள் காட்டும் காலம் பொருந்துகின்றதா என ஆராய்கின்றனர். சாட்சியை விசாரிப்பது போன்ற இப்பரிசோதனையில், அறுபது வருடத் தூசி கூட நம்பகமான சாட்சியாகிவிடுகின்றது. அதனை ஊதித் துடைத்தவர் தமக்குச் சார்பான சாட்சியைத் தாமே வெளியேற்றியவராகிறார்.

புலம்பெயர்ந்த வீடுகளிலும் தாயகத்து வீடுகளிலும் மூத்தவர்கள் வாசித்த கிற்றாரோ வேறு வாத்தியமோ பெட்டிக்குள் இருக்கக்கூடும். விற்க நேர்ந்தால், உலர்ந்த மென்துணியால் தூசியையும் பிசுக்கையும் துடையுங்கள். சாதாரண கிற்றாராயின் புதிய தந்திகள் பூட்டுங்கள். அத்தகைய கருவியை வாங்குபவர் வாசிப்பதற்கே வாங்குகிறார், அவருக்குத் துப்புரவு மரியாதையுமாகும். கார் மெருகு, மதுசாரம் கலந்த திரவம், கைகழுவும் கிருமிநீக்கி ஆகியவை பூச்சைக் கெடுக்கக்கூடியவை, தவிர்த்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை, ஒரு திருகாணியாயினும், எறியாது பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பழமையானது என்ற ஐயம் சிறிதளவாயினும் இருந்தால், அறிந்தவர் ஒருவர் பார்க்கும்வரை அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை என்பதை வாங்குபவரிடம் ஒளிக்காமற் சொல்லுங்கள். பாதி விலைக்கு விற்ற அந்தக் குடும்பத்துக்கு இதனைச் சொல்ல அன்று அருகில் எவரும் இருக்கவில்லை.