நம் ஊர்ச் சிகரம் சாடில் பீக்

மலையென்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவன பொதிகையும் பழனியுமே. கடல் கடந்து வந்து திக்லிபூரில் வாழும் நாமோ, அண்மையிலேயே ஒரு பெருஞ்சிகரம் நிற்கக் கண்டும் அதன் வரலாற்றை அறிய முற்படுவதில்லை. அக்குறையைச் சிறிதேனும் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாடில் பீக் 732 மீட்டர் உயரமுடையது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இதனினும் உயர்ந்த சிகரம் பிறிதில்லை. ஐரோப்பாவின் மோன் பிளாங் 4,800 மீட்டருக்கும் மேற்பட்டது. அதனோடு ஒப்பிட்டால் இஃது ஒரு குன்றே. ஆயினும் இரண்டும் ஒரே குலத்தவை. ஆல்ப்ஸிலிருந்து இமயம் வழியே நீளும் மடிப்புமலை வரிசை, பர்மாவின் அரக்கான் மலைகளாகத் தெற்கே திரும்பி, கடலுள் மூழ்கிச் சுமத்திராவை நோக்கிச் செல்கிறது. நீருக்கு மேல் தலைகாட்டும் அதன் முகடுகளே நம் தீவுகள். நிலத்தட்டுகளின் நெருக்கத்தால் எழுந்த இம்மலைக்குலம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர, பவழப் பாறைகள் வெளிப்பட்டன.

ஆதிகுடிகளான அந்தமானியர், தங்கள் தெய்வமாகிய புலுகா இச்சிகரத்தில் உறைந்ததாக நம்பினர். கடலிலிருந்து நோக்கிய ஆங்கில மாலுமிகளுக்கோ அது குதிரைச் சேணம்போல் தோன்றிற்று, அப்பெயரே நிலைத்தது. 1789 இல் ஆர்ச்சிபால்டு பிளேர் தெற்கில் நிறுவிய குடியேற்றம், 1792 இல் வடக்கு அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸ் துறைக்கு மாற்றப்பட்டது. நோயும் மரணமும் மிகவே, 1796 இல் அது கைவிடப்பட்டது. 1950களில் கிழக்கு வங்க அகதிகள் இப்பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். நம்மவரும் பிழைப்பு நாடி வந்து சேர்ந்தனர்.

சிகரம் ஏற விரும்புவோர் காலிபூரை அடுத்த லாமியா விரிகுடாவில் வனத்துறையின் அனுமதி பெற்றுப் புறப்படவேண்டும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். தொடக்கத்தில் கடலோரமாகச் செல்லும் பாதை, பின்னர் பசுமைமாறாக் காட்டினுள் புகுந்து செங்குத்தாக ஏறுகிறது. ஆல்ப்ஸில் ஏறுவோர் உயரத்திலுள்ள மலையூர்களிலிருந்தே புறப்படுவர். நாமோ கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் அடியையும் காலால் அளந்தே ஏறவேண்டும். ஆகவே இதனை எளிதென எண்ணற்க. மழையில்லா மாதங்களைத் தேர்ந்து, குடிநீருடன் விடியற்காலையில் புறப்பட்டு, இருட்டுமுன் திரும்புதல் நலம்.

இம்மலைத் தொடரில்தான் கல்போங் ஆறு பிறந்து, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே ஓடி, ஏரியல் விரிகுடாவருகே கடலில் கலக்கிறது. தீவுகளின் முதல் நீர்மின் நிலையம் 5.25 மெகாவாட் திறனுடன் இவ்வாற்றிலேயே அமைந்தது. மேகத்தைத் தடுத்து மழையாக்குவது மலை. அம்மழையைத் தேக்கி ஆறாக்குவது காடு. ஆதலின் மலைக்காடு தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவது பறவைகளுக்காக மட்டுமன்று, நமக்காகவுமேயாம்.

வடக்கு அந்தமானில் ஒருகாலத்தில் வழங்கிய அகா-போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா, 2010 இல் மறைந்தார். அம்மொழியில் இம்மலையைப் பற்றி அறியப்பட்டிருந்தவற்றுள் பல அவருடன் அடங்கியிருக்கக்கூடும். மொழியொன்று மறையும்போது மலையும் தன் நினைவில் ஒரு பங்கை இழக்கிறது. தாய்மொழியைப் பேணச் சங்கம் கண்ட நாம், இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் குழந்தைகளை ஒருமுறையேனும் சாடில் பீக்கின் அடிவாரத்திற்கு அழைத்துச் சென்று, கல்போங் பிறக்கும் கதையை நல்ல தமிழில் சொல்வோமாக.