ஏட்டில் ஏறாத வரலாறும் பாட்டில் பிறந்த இலக்கியமும்

பாராண்ட மன்னர்க்குக் கல்வெட்டுகள் உண்டு. பொருள் படைத்தோர்க்குப் பத்திரங்கள் உண்டு. இரண்டும் இல்லாத எளிய மக்கள் தம் வரலாற்றை எங்கே பொதிந்து வைப்பர்? அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் என் போன்றோர்க்கு, எழுத்தில் பதியாதது நிகழவே இல்லை என்று கருதும் பழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. அவ்வெண்ணம் பிழை என்பதை எனக்கு உணர்த்தியது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இலக்கிய வரலாறாகும்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் பருத்தியும் புகையிலையும் விளைவித்த அடிமைகள், பண்ணை முதலாளிகளின் கணக்கேடுகளில் உடைமைகளாகவே எழுதப்பட்டனர். அவர்களுக்கு எழுத்தறிவித்தல் பல மாநிலங்களில் சட்டப்படி குற்றமாக இருந்தது. ஆகவே, பிரிவின் துயரையும் விடுதலை வேட்கையையும் அவர்கள் பாட்டில் வைத்தனர். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. ஏறத்தாழ 40 இலட்சம் பேர் விடுதலை பெற்றனர். ஈராண்டுகள் கழித்து, 1867இல், அவர்களுடைய பாடல்கள் 136 முதன்முறையாக நூலாகத் தொகுக்கப்பெற்றன. அக்குரல்களின் நெளிவு சுளிவுகளை இசைக்குறிகளால் முழுமையாகப் பிடிக்க இயலவில்லை என்று தொகுப்பாசிரியர்களே ஒப்புக்கொண்டனர்.

விடுதலை பெற்றோரின் பிள்ளைகள் கற்பதற்காக 1866இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் என்னும் கல்விக்கூடம் தோன்றியது. சில ஆண்டுகளிலேயே அது கடனில் ஆழ்ந்தது. நிதி திரட்டும் பொருட்டு 1871 அக்டோபரில் ஜார்ஜ் ஒயிட் என்னும் ஆசிரியர் ஒன்பது மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டார். தொடக்கத்தில் அவர்கள் மேடையில் பெரும்பாலும் வெள்ளையர் விரும்பிய பாடல்களையே பாடினர். தம் பெற்றோரின் பாடல்களைப் பிறர் முன் பாட அவர்கள் மனம் ஒப்பவில்லை. அவை அடிமை நாட்களை நினைவூட்டுவன. பெற்றோர்க்கோ அவை வழிபாட்டில் பாடும் புனிதப் பொருள். இத்தயக்கத்தைக் குழுவில் முதன்மையாக விளங்கிய எல்லா ஷெப்பர்டு பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார். ஆயினும், எந்தப் பாடல்களை மறைத்தனரோ அவையே அவையோரை உருக்கின. 1873இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் முன்னும் அவை ஒலித்தன. அவ்வாறு ஈட்டிய பொருளால் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது.

அம்மண்டபத்தைக் கண்டு வியந்த மாணவருள் ஒருவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். வரலாற்று அறிஞரான அவர் 1903இல் வெளியிட்ட ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலில், இயல்களின் தலைப்பில் துயரப் பாடல்களின் இசைக்குறிகளைப் பொறித்தார். இறுதி இயலில் தம் குடும்பக் கதை ஒன்றையும் சொன்னார். அவருடைய பாட்டனாரின் பாட்டியார் ஆப்பிரிக்காவிலிருந்து கவர்ந்து வரப்பட்டவர். அவ்வம்மையார் மடியிலிட்ட குழந்தைக்குப் பாடிய பாட்டு இருநூறு ஆண்டுகளாக அக்குடும்பத்தில் வாய்வழி வந்தது. சொற்களின் பொருள் எவருக்கும் தெரியவில்லை. ஆனால் அதன் இசை சொல்வது இன்னதென்று அனைவரும் அறிந்திருந்தனர். அடிமைக் கப்பலின் ஏடுகள் சொல்லாத செய்தியை அப்பாட்டு தாங்கி நின்றது.

1910களிலிருந்து 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பெட்டியோடு பாட்டும் போயிற்று. ஓர் அடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறும் புளூஸ் பாட்டின் நடையைக் கவிதைக்குக் கொணர்ந்தவர் லாங்ஸ்டன் ஹியூஸ். அவருடைய முதல் தொகுதி 1926இல் வந்தது.

அத்தகைய குடிபெயர்ந்த குடும்பம் ஒன்றில் 1931இல் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர் டோனி மாரிசன். 1993இல் நோபல் பரிசு பெற்றவர். அடிமைகள் சிலர் வானில் பறந்து ஆப்பிரிக்கா திரும்பினர் என்ற வாய்மொழிக் கதையே அவருடைய ‘சாலமனின் பாட்டு’ (1977) என்னும் புதினத்துக்கு வித்து. வடநகரத்து இளைஞன் ஒருவன் பொன் தேடித் தெற்கே செல்கிறான். அங்கே ஒரு சிற்றூரில் குழந்தைகள் வட்டமாகச் சுற்றி ஆடிப் பாடும் பாட்டில் தன் முன்னோர் பெயர்களைக் கேட்கிறான். எழுதிக்கொள்ள அவனிடம் எழுதுகோல் இல்லை. செவியால் கேட்டு நெஞ்சில் பதித்துக்கொள்கிறான். பொன் கிட்டவில்லை, தன் குலத்தின் வரலாறு கிட்டியது.

மக்கள் பாட்டைப் புலவர் எடுத்தாள்வது நமக்குப் புதிதன்று. ஆய்ச்சியர் குரவையையும் வேட்டுவ வரியையும் இளங்கோவடிகள் தம் காப்பியத்தில் அமைத்தமையை நாம் அறிவோம். எனினும், ஃபிஸ்க் மாணவர்களின் தயக்கத்தைப் படித்தபோது நான் நினைத்தது காப்பியத்தை அன்று, என் தாயாரை. எங்கள் அரசுக் குடியிருப்பில் என் மகளைத் தொட்டிலிலிட்டு அவர் பாடிய தாலாட்டில் எங்கள் ஊர்க் குளமும், மாமன்மார் பெயர்களும், நான் கண்டறியாத ஒரு பாட்டியின் பெயரும் வரும். அயல்வீட்டார் என்ன நினைப்பரோ என்று, “கொஞ்சம் மெதுவாகப் பாடுங்கள், அம்மா” என்று சொன்னவன் நான். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பின்னர் பாடுவதையே விட்டுவிட்டார். இன்று அவர் இல்லை. அப்பாட்டியின் பெயரைச் சொல்வார் எவருமில்லை. எந்தக் கோப்பிலும் அது கிடைக்காது.

சங்கத்து அன்பர்களே, உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பின், அவர்கள் பாடும்போது எழுதிக்கொள்ளுங்கள்; அருகில் குழந்தைகளையும் அமர்த்துங்கள். அவர்களுள் எவர் நாளை எழுதப் புகுவார் என்பதை நாம் அறியோம். எழுதுவதற்கு அவர்களிடம் ஏதேனும் இருக்க வேண்டும்.