தமிழ் ஞானோபதேச மரபில் இறை இலட்சணங்கள்

இறைவனின் இயல்பை வரையறுத்தல் சமயத் தத்துவத்தின் முதற்பணி. கிறித்தவ இறையியல் அவ்வரையறையைத் தமிழில் எவ்வாறு அமைத்துக்கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி (1577–1656) இலத்தீன் இறையியலைத் தமிழில் விளக்க முற்பட்டார். பின்னர்த் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கிய ஞானோபதேச நூல்கள் இறை இலட்சணங்களை ஆறாகத் தொகுக்கின்றன. அவை தாமாயிருத்தல், தொடக்கமும் முடிவும் இன்மை, உடலின்மை, அளவற்ற நன்மை, எங்கும் நிறைந்திருத்தல், அனைத்திற்கும் முதற்காரணமாதல் என்பன.

திருக்குறளின் 9ஆம் குறளுரையில் பரிமேலழகர் சைவாகம வழி எட்டுக் குணங்களைக் காட்டுவார். அவற்றுள் தன்வயத்தனாதல் என்பது தாமாயிருத்தலோடு நெருங்கியது. இரண்டும் பிறிதொன்றைச் சாராமையைச் சுட்டுவன. ஆயின் தூய உடம்பினனாதல் என்பது உடலின்மையினின்று விலகுகிறது. சைவம் கூறும் அவ்வுடம்பு வினைவழி வரும் பருவுடல் அன்று. எனினும் தாமஸ் அக்குவினாஸ் (இ. 1274) வழிவந்த இறையியல் இறையியல்புக்கு எவ்வகை உடலையும் ஏற்பதில்லை.

அங்ஙனமாயின் உடலற்ற இறைவன் மனிதனாய்ப் பிறந்தது எவ்வாறு? கிறித்துவிடம் இறையியல்பும் மனித இயல்பும் கலவாமலும் பிரியாமலும் ஒன்றியுள்ளன எனக் கால்சிதோன் பொதுச்சங்கம் 451இல் வரையறுத்தது. அதன்படி உடல் மனித இயல்புக்கே உரியது. இறையியல்பு உடலற்றதாகவே நிற்கிறது.

எனவே சொல்லின் நெருக்கம் கொண்டு கொள்கை ஒன்றெனத் துணிதல் பொருந்தாது. குணங்களை எண்ணி உரைக்கும் முறை இரு மரபிற்கும் பொதுவாயினும், ஞானோபதேசம் தன் வேறுபாட்டை மூன்றாம் இலட்சணத்தில் தெளிவாக நிறுவியுள்ளது எனலாம்.